சுனையில் இருந்து கிராம சபை வரை: சேலம், சேர்வராயன் மலை மகளிர் குழுக்களுக்கு ஒரு முழுமையான காலநிலை வழிகாட்டி

2024 ஏப்ரல் கடைசியில் சேலத்தில் வெயில் 42 டிகிரியைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் கொண்டுவந்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. நடுவில் ஏழு மாதம்தான். மலையில் இருப்பவர்களிடம் கேட்டால் பங்குனியில் வர வேண்டிய மழை வராமல் காப்பி பூப்பது தள்ளிப்போகிறது என்பார்கள். அடிவாரத்தில் கேட்டால் தை முடிவதற்குள் கிணறு அடி தெரிகிறது என்பார்கள். இந்த இரண்டு பேச்சையும் அதிகம் பேசுவது பெண்கள்தான். குடத்தைத் தூக்குவதும் அவர்கள், வெயிலில் களத்தில் காய வைப்பதும் அவர்கள்.

ஆனால் திட்டம் போடும் இடத்தில் அவர்கள் குரல் எவ்வளவு கேட்கிறது? இந்த வழிகாட்டி அந்த இடைவெளிக்காக எழுதியது. நம் பகுதிக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு சார்ந்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் பக்கத்து மாவட்டமான தர்மபுரியில் தொடங்கின. 1991-92-ல் சேலத்துக்கு வந்தன. முப்பது ஆண்டுக்கு மேலாகத் தீர்மான நோட்டு எழுதி, வட்டிக் கணக்குப் பார்த்து, வங்கி மேலாளரிடம் பேசிப் பழகிய பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சேமிப்பு நோட்டு எழுதத் தெரிந்த கை தண்ணீர் நோட்டும் எழுதும். அந்த நோட்டுதான் இந்த வழிகாட்டியின் உயிர். நோட்டில் கணக்கு இருந்தால் அதிகாரி உட்கார்ந்து கேட்பார். வெறும் குறையாகச் சொன்னால் "பார்க்கலாம்மா" என்று எழுந்துவிடுவார்.

கீழே சொல்வது ஒரு முழு ஆண்டுக்கான வேலை. பங்குனி, சித்திரையில் அளக்கத் தொடங்கினால் நல்லது. தண்ணீர் குறைந்திருக்கும் காலத்தில் எடுத்த கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம்.

முதல் படி: யார் யார் சேர வேண்டும்

புதிதாகச் சங்கம் பதிவு செய்ய ஓடாதீர்கள். இருக்கிற குழுக்களில் இருந்து ஏழெட்டுப் பேரை எடுத்து, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் ஒரு தீர்மானம் போட்டு, தண்ணீர்க் குழு என்று பெயர் வைத்தால் போதும். தீர்மானத்தில் பெயர்களும் பொறுப்புகளும் இருக்கட்டும்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பழைய குட்டை எங்கே இருந்தது, எந்த ஓடை எந்த ஆண்டு திசை மாறியது என்று சொல்லக்கூடிய ஒரு ஆயா கட்டாயம் வேண்டும். போனில் படம் எடுத்து, இணையத்தில் நிலப் பதிவேடு பார்க்கத் தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தி வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். குழாயின் கடைசியில் இருக்கும் தெருவில் இருந்தும் காலனியில் இருந்தும் ஆள் இல்லாமல் குழு அமைக்கவே கூடாது. தண்ணீர் முதலில் நிற்பது அங்கேதான். மலையில் என்றால் மலையாளிப் பழங்குடிக் குடியிருப்புகளில் இருந்து வரும் பெண்கள் நடுநாயகமாக இருக்க வேண்டும். தோட்ட லயன் வீடுகளில் இருக்கும் தொழிலாளிப் பெண்களையும் மறந்துவிடுகிறார்கள். ஓட்டு வேறு ஊரில் இருந்தாலும் அவர்கள் குடிப்பது இந்த மலைத் தண்ணீர்தான்.

ஆண்களைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. மேல்நிலைத் தொட்டியில் மோட்டார் போடுபவர், போர் (ஆழ்துளைக் கிணறு) ஓட்டும் ஊர்க்காரர், ஏரி மதகு திறப்பவர் ஆகியோருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. கூப்பிட்டுக் கேளுங்கள். நோட்டும் தீர்மானமும் பெண்கள் கையில் இருக்கட்டும்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். சமையல், மாடு, பிள்ளைகள், நூறு நாள் வேலை எல்லாம் முடித்த பிறகு ஊருக்காக இன்னொரு கூலியில்லா வேலையைப் பெண்கள் தலையில் ஏற்றுவதற்குப் பெயர் தலைமை என்று வைத்துவிடக் கூடாது. அளக்கும் வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மண் வேலை எதுவானாலும் கூலியோடுதான். கூட்டம் நடக்கும் மணி நேரத்தில் வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் கூட்டத்திலேயே பேசுங்கள்.

இரண்டாம் படி: நடந்து பார்த்து வரைவது

தண்ணீர் வந்து சேரும் இடத்தில் இருந்து தொடங்கி, மேட்டை நோக்கி நடக்க வேண்டும். ஏரி என்றால் நிரம்பிய தண்ணீர் வழிந்து கோடி போகும் இடத்தில் நின்று கரையைச் சுற்றி வந்து, வரத்து வாய்க்கால் வழியே மேலே ஏறுங்கள். சுனை என்றால் அதற்கு மேல் இருக்கும் சரிவு முழுவதையும் பாருங்கள். ஓடையில் எங்கே குப்பை, எங்கே தடுத்துப் பாதை போட்டிருக்கிறார்கள், எங்கே மண் அரித்திருக்கிறது, எங்கே புது போர் போட்டிருக்கிறார்கள் என்று படம் எடுத்துக்கொண்டே போங்கள்.

திரும்பி வந்து கோயில் முன்னால் தரையில் கோலமாவால் ஊரை வரையுங்கள். காகிதத்தில் வரைந்தால் படித்த இரண்டு பேர்தான் பேசுவார்கள். தரையில் வரைந்தால் சுற்றி நிற்கும் எல்லாரும் குனிந்து திருத்துவார்கள். "அந்த ஓடை இப்படிப் போகாதும்மா, புளியமரத்துக்கு அந்தப் பக்கம்" என்று ஒரு ஆயா குச்சியை வாங்கிக் கோட்டை மாற்றினால், உங்கள் வரைபடம் சரியான பாதைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். முடிந்ததும் படம் எடுத்து, பெரிய சார்ட்டில் நகல் செய்யுங்கள்.

அடுத்தது பதிவேடு. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் பார்க்கலாம். அ-பதிவேடும் புல வரைபடமும் அரசின் இணையச் சேவையிலும் கிடைக்கும். ஓடை, வாய்க்கால், குட்டை எந்த சர்வே எண், புறம்போக்கா, காடா, பட்டாவா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏரியில் ஆக்கிரமிப்பு இருந்தால் 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டிலேயே ஆக்கிரமிப்புச் சண்டையில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. ஊர் இரண்டாகும், அளக்கும் வேலை நின்றுபோகும். கணக்கு கையில் ஏறட்டும், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வேறு பலத்தோடு வரும்.

மூன்றாம் படி: அளப்பது

நான்கு கணக்குகள் வேண்டும்.

மழை. மழைமானி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அடி முதல் வாய் வரை ஒரே அகலத்தில் நேராக நிற்கும் டப்பா போதும். வாய் குறுகியதும் வயிறு பெருத்ததும் ஆகாது. மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில், ஓர் அடி உயரக் கல்லில் அசையாமல் வையுங்கள். காலை எட்டரை மணிக்கு ஸ்கேல் விட்டுப் பார்த்து மில்லிமீட்டரில் எழுதிவிட்டுக் கவிழ்த்துவிட வேண்டும். அரசு மழைக் கணக்கும் அந்த எட்டரை மணிக்குத்தான் எடுக்கப்படுகிறது. 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் அதை மழை நாள் என்று கணக்கில் கொள்வார்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் உள்ள கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் விழுகிறது. சிதறல் போக 800 லிட்டராவது பிடிக்கலாம். இந்தக் கணக்கை ஒருமுறை வீட்டில் போட்டுக் காட்டிவிட்டால், 2003-ல் கட்டாயமாக்கி இன்று தூர்ந்து கிடக்கும் மழைநீர்த் தொட்டியைத் தானாகவே தோண்டிச் சுத்தம் செய்வார்கள்.

சுனை. மலையூர்களுக்கு இதுதான் முக்கியம். பத்து லிட்டர் வாளி, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், ஒரு மூங்கில் தூம்பு அல்லது குழாய்த் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சுனைத் தண்ணீர் முழுதும் அந்தத் தூம்பு வழியாக விழும்படி களிமண்ணால் இரண்டு பக்கமும் அணைகட்டுங்கள். தண்ணீர் தெளிந்து சீராக விழும் வரை பொறுக்க வேண்டும். பிறகு வாளியை நீட்டி, நிறையும் வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். மூன்று முறை பிடித்துச் சராசரி எடுங்கள். வாளி நிறைய 50 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 12 லிட்டர். ஒரு நாளைக்கு 17,280 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் ஒரு நாளைக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் இந்தச் சுனை 314 பேருக்கு வரும். வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம். குடம் பிடிக்கும் கூட்ட நேரத்தில் போகாதீர்கள்.

கிணறு. அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் கல் கட்டி இறக்கி, மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில் அளக்க வேண்டும். ஊரில் மூன்று திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். போரில் இப்படி அளக்க வராது.

வெயில். சேலத்தில் பெண்கள் வேலை செய்யும் இடங்களை நினைத்துப் பாருங்கள். தறிக்கூடம், பற்றவைக்கும் தீ எரியும் கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி காய வைக்கும் சேகோ ஆலைக் களம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. ஒரு சாதாரண வெப்பமானியை வெயில் நேராகப் படாத சுவரில் மாட்டி, விடியற்காலையிலும் மதியம் இரண்டு மணிக்கும் எழுதுங்கள். இரவிலும் கூரைக்குள் சூடு இறங்குகிறதா இல்லையா என்பது உடம்புக்கு முக்கியமான கணக்கு.

இவற்றோடு, தண்ணீருக்காக ஒரு வீட்டுப் பெண் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் செலவிடுகிறாள் என்பதைப் பத்து வீட்டில் மட்டும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கிராம சபையில் வேறு எந்தக் கணக்கையும் விட இது அதிகம் பேசும்.

தண்ணீரின் தரத்துக்கும் வழி இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டி கொண்டு சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெட்டி எங்கே என்று கேளுங்கள். போர் ஆழமாகப் போகப் போக ஃபுளோரைடு கூடும் அபாயம் நம் பக்கத்தில் உண்டு. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

நான்காம் படி: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான ஊர்களில் முதலில் செய்வது மரக்கன்று நடுவது. படம் எடுக்க வசதி. சித்திரையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் காய்ந்துவிடும். முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம். தண்ணீரை நிறுத்தும் வேலை முதலில், அதன் ஈரத்தில் மரம் பிறகு.

அடிவார ஊர் என்றால் வரத்து வாய்க்காலைத் தேர்ந்தெடுங்கள். ஏரியைத் தூர்வாரிவிட்டு வாய்க்காலை விட்டுவிட்டால் ஆழமான காலி ஏரிதான் மிஞ்சும். வாய்க்காலில் முள்ளும் உண்ணிச்செடியும் குப்பையும் எடுத்துக் கரை சரிசெய்வது செலவு குறைந்த வேலை, அடுத்த மழையிலேயே பலன் தெரியும். தூர்வாரும் கட்டம் வந்தால், வண்டல் மண்ணைப் பட்டா வைத்திருக்கும் விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி தரும் முறை 2024-ல் வந்தது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90, மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60. குழுவில் பெண் பெயரில் பட்டா உள்ளவர்கள் முதலில் மனு கொடுங்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் போய்ப் பார்த்துவிட்டும் வாருங்கள். 2010-ல் சேலத்து மக்கள் சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது அங்கே பறவைகள் இருக்கின்றன. சேர்வராயன் மலைச் சரிவில் பெய்யும் மழைதான் அந்த ஏரிக்கு வருகிறது என்பதை நேரில் பார்த்தால், மலையும் நகரமும் ஒரே தண்ணீர் என்பது விளங்கும்.

மலையூர் என்றால் சுனையின் மேல்சரிவைக் காப்பாற்றுவது. சுனைக் கண்ணைத் தோண்டிப் பெரிதாக்கலாம் என்று யாராவது கடப்பாரையோடு வருவார்கள். விடாதீர்கள். பாறை இடுக்கில் வரும் தண்ணீர் வழி மாறிவிட்டால் திரும்ப வராது. வேலை முழுவதும் சுனைக்கு மேலே இருக்கும் சரிவில்தான்.

அதற்குச் சமமட்டக் கோடு பிடிக்க வேண்டும். ஏழடி நீளத்தில் இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் குறுக்கே ஒரு கம்பு கட்டுங்கள். ஆங்கில எழுத்து ஏ போல நிற்கும். உச்சியில் இருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும், நூல் குறுக்குக் கம்பைத் தாண்டித் தொங்கட்டும். சட்டத்தை நிறுத்தி, இரண்டு காலும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, நூல் குறுக்குக் கம்பில் படும் இடத்தில் கரியால் ஒரு கோடு. பிறகு சட்டத்தைத் திருப்பி, இடக்கால் இருந்த முளையில் வலக்காலை வைத்து, மறுபடி ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவே மூன்றாவது கோடு போடுங்கள். அதுதான் மட்டம். இனிச் சரிவில் ஒரு காலை ஊன்றி, மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, நூல் நடுக்கோட்டில் நிற்கும் இடத்தில் முளை அடித்துக்கொண்டே போனால், சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் ஒரு கோடு கிடைக்கும். பொறியாளர் வரும் முன்பே பெண்கள் அரை நாளில் ஒரு சரிவு முழுதும் முளை அடித்துவிடலாம்.

அந்தக் கோட்டில் பத்தடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்தால் ஒரு குழியில் சுமார் 850 லிட்டர் நிற்கும். தொடர்ச்சியாக வெட்டாமல் இடைவெளி விட்டு, மேல் வரிசை இடைவெளிக்கு நேராகக் கீழ் வரிசைக் குழி வரும்படி மாற்றி மாற்றி எடுங்கள். தோண்டிய மண் கீழ்ப்பக்கம் வரப்பாகட்டும், அதில் வெட்டிவேர் நடலாம். சிறு ஓடைகளில் கல்லடுக்குத் தடுப்பு.

மிகச் செங்குத்தான சரிவு, மண்ணில் பிளவு தெரியும் இடம், மரங்கள் சாய்ந்து வளைந்து நிற்கும் இடம், மழையில் திடீரென்று ஊற்றெடுக்கும் மண்மேடு, வீடுகளுக்கு நேர் மேலே உள்ள மேடு ஆகியவற்றில் குழி எடுக்கவே கூடாது. அங்கே தண்ணீரை நிறுத்தினால் சரிவு இறங்கிவிடும். அங்கே வேர் பிடிக்கும் புல்லும் மரமும், தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்றும் வாய்க்காலும்தான் சரி. ஏற்காடு மலைப்பகுதியில் பொக்லைன் இறக்குவதற்கும் மரம் வெட்டுவதற்கும் தனி அனுமதி வேண்டும். கையால் செய்யும் வேலைக்கே திட்டமிடுங்கள்.

ஓடை எஸ்டேட் வழியாக வந்தால் மேலாளரைப் போய்ப் பாருங்கள். நிழல் மரத்தைக் குறைத்தால் காப்பிக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் கூடும் என்பது அவர்களுக்கே தெரியும். உங்கள் சுனைக்கும் அவர்கள் காப்பிக்கும் தேவை ஒரே நிழல்தான்.

ஐந்தாம் படி: கிராம சபை

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நமக்குரிய நாள். ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சபை நடக்கத்தான் வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். குழுப் பெண்கள் வந்தாலே எண்ணிக்கை நிறைந்துவிடும், அந்த பலத்தை மறக்காதீர்கள். 2016-ல் வந்த திருத்தத்தின்படி உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்பதும் உங்கள் பக்கம் நிற்கும் சட்டம்.

ஒரு வாரம் முன்பே கோரிக்கையை எழுதி ஊராட்சி செயலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "தண்ணீர் வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அது காற்றில் போகும். சர்வே எண், வாய்க்காலின் நீளம், எத்தனை குடும்பம், ஆறு வாரச் சுனைக் கணக்கு, பெண்கள் செலவிடும் மணி நேரம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். சபையில் பேசுவது இரண்டு பேர்: ஒருவர் கணக்கை வாசிக்க, இன்னொருவர் கேள்விக்குப் பதில் சொல்ல. குரல் நடுங்கினால் பரவாயில்லை, நோட்டைப் பார்த்து வாசியுங்கள். "சார், போன மாசம் முதல் வாரம் அம்பது விநாடியில நிறைஞ்ச வாளி இப்போ ரெண்டு நிமிஷம் ஆகுதுங்க. நோட்டு இங்க இருக்கு, பாருங்க." இதற்கு மேல் பேச்சுத் திறமை தேவையில்லை.

தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். தீர்மான நகல் கேளுங்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் வேலை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு, ரசீதோடு. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கியது. மாவட்ட அளவில் அதற்குப் பொறுப்பு ஆட்சியர். மனுவில் அந்தப் பெயரைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மலையூர்களுக்கு ஒரு தனிக் கதவு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன்படி அமைக்கும் வன உரிமைக் குழுவில் பத்து முதல் பதினைந்து பேர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். காட்டைச் சமூகமாகக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை கேட்கலாம். குடிநீர் வசதி, சிறு நீர்நிலை, மழைநீர் சேகரிப்பு போன்ற வேலைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், கிராம சபை பரிந்துரைத்தால் வன நிலத்தை ஒதுக்க இந்தச் சட்டத்தின் 3(2) பிரிவு இடம் தருகிறது. சுனை காட்டுக்குள் இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். வனத்துறையோடு மோதலாகத் தொடங்காமல், வனச்சரகரைச் சரிவுக்கு அழைத்துப் போய் முளைகளைக் காட்டிவிட்டுப் பேசுவது நல்லது.

ஆறாம் படி: வேலையும் கூலியும்

நீர் காக்கும் வேலைக்கு இயல்பான வழி நூறு நாள் வேலை. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றது. தமிழ்நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்தான் வேலை செய்தார்கள். திட்டத்தின் சட்டமும் நாள் கணக்கும் மாறும் காலம் இது, நடப்பு விதியை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பணித்தளப் பொறுப்பாளர் உங்கள் குழுவில் இருந்து வரட்டும். ஓவர்சியர் அளவெடுக்கும்போது நீங்களும் டேப் பிடியுங்கள், அளவு உங்கள் நோட்டிலும் ஏறட்டும். நிழல், குடிநீர், முதலுதவி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்பதெல்லாம் அந்த 2005 சட்டத்திலேயே எழுதப்பட்டவை.

ஏழாம் படி: வெயிலுக்கு ஒரு திட்டம்

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்த நிலை வராமல் பார்ப்பதுதான் நம் வேலை.

மாசியிலேயே தெருவாரியாகப் பட்டியல் போடுங்கள்: தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இருதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், வெளிவேலைக்குப் போகிறவர்கள். ஒருவருக்குப் பத்து வீடு. உச்சி வெயில் நாட்களில் மதியம் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். சேகோ களத்திலும் கட்டட வேலையிலும் பன்னிரண்டு முதல் மூன்று வரை வேலை நிறுத்தி, விடியற்காலையில் தொடங்கும்படி முதலாளியிடம் குழுவாகப் போய்ப் பேசுங்கள். வெப்பமானிக் கணக்கை எடுத்துப் போங்கள். தனியாகக் கேட்ட பெண்ணுக்கு மறுநாள் வேலை இருக்காது, இருபது பேராகப் போனால் பேச்சு வேறு.

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவைச் சுவரில் எழுதி வையுங்கள். உப்பு கூடக் கூடாது. மோரும் கம்பங்கூழும் அருமையானவை. உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்து. 108-க்கு அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வெயிலில் கழிவறை வசதியில்லாத வேலை இடங்களில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. கழிவறையும் காலநிலைக் கோரிக்கைதான், மனுவில் சேருங்கள்.

எட்டாம் படி: வயல்

வறட்சி ஆண்டில் மரவள்ளியில் மாவுப்பூச்சி பெருகும். குருத்து கொத்தாகச் சுருங்கினால் உடனே பிடுங்கி அழிக்க வேண்டும், பாதித்த வயலில் இருந்து விதைக்குச்சி வாங்கக் கூடாது. அந்தப் பூச்சியைத் தின்று அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது; வேளாண் அலுவலர் வழியாக அங்கே கேளுங்கள். மருந்து கண்டபடி அடித்தால் அந்தக் குளவியும் சாகும். மலையில் சாமை, கேழ்வரகு விதையைக் கையில் வைத்திருக்கும் பாட்டிகளிடம் இருந்து படிப்படியாக வாங்கி, வேப்பிலையும் சாம்பலும் சேர்த்து மூன்று வீட்டில் பிரித்து வையுங்கள். ஒரு வீட்டில் வண்டு விழுந்தால் மற்ற இரண்டில் இருக்கும்.

ஒன்பதாம் படி: பெருமழைக்கு முன்

புரட்டாசிக்குள் யார் யாருக்கு அழைப்பது என்ற சங்கிலி தயாராக இருக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநிலத்துக்கு 1070. மலையில் தெளிந்த சுனை திடீரென்று கலங்கினாலும், சுவரில் புதுப் பிளவு வந்தாலும், மின்கம்பம் சாய்ந்தாலும், ஓடை மழையிலேயே திடீரென வற்றினாலும், அதிகாரி வரும் வரை காத்திருக்காமல் கீழே இருக்கும் வீடுகளைக் காலி செய்யுங்கள். கொண்டை ஊசி வளைவுப் பாதை அடைபட்டால் குப்பனூர் வழிதான் இருக்கிறது. அதனால் பிரசவ நாள் நெருங்கியவர்களையும் டயாலிசிஸ் செய்பவர்களையும் புயல் எச்சரிக்கை வந்த அன்றே கீழே இறக்குவது பற்றிக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். தங்கும் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தனி அறை, நாப்கின், பூட்டக்கூடிய கழிவறை இருக்கிறதா என்று மழைக்கு முன் போய்ப் பார்க்க வேண்டியதும் குழுதான்.

பத்தாம் படி: இரண்டாவது பங்குனி

ஓர் ஆண்டு முடிந்ததும் இரண்டு பங்குனியின் சுனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கூடவே இரண்டு ஆண்டின் மொத்த மழையையும் எழுத வேண்டும். மழை அதிகம் பெய்து சுனையும் கூடியிருந்தால் அதற்குக் காரணம் நம் குழிகள் என்று சொல்லிவிட முடியாது. மழை குறைந்தும் சுனை குறையாமல் நின்றால் குழிகள் வேலை செய்கின்றன. மழை சரியாக இருந்தும் சுனை இறங்கியிருந்தால் மேல்சரிவில் புது போர், புதுக் கட்டடம், வெட்டிய மரம் எங்கே என்று மறுபடி நடந்து பார்த்து, படத்தோடு அதே மார்ச் 22 கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். குழியில் சேர்ந்த வண்டலை வைகாசிக்குள் வாரி வரப்பில் போட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது ஆண்டில் குழி இருந்த தடமே தெரியாது. நோட்டை எழுதுபவர் ஆண்டுக்கு ஒருவர் மாறட்டும். பழையவர் புதியவரோடு சேர்ந்து ஒரு மாதம் எழுதிவிட்டு ஒப்படைப்பது நல்ல முறை.